கூர்முனைத் தோட்டா

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டில் அதைச் சூட்டிகை என்றார்கள். புகுந்த வீட்டில் கொழுப்பு என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓடியது பெண்ணையாறு ஒன்றுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆட்சி. கரை தாண்டினால் சாராயத்தின் விலை மாறும், போலீஸ்காரன் தொப்பி மாறும், என் வாய்க்கு ஊரார் வைத்த பெயரும் மாறும்.

பிறந்த வீடு பிரெஞ்சுப் பக்கம், பாகூருக்குத் தெற்கே. கரும்பும் நெல்லும்தான் எங்களுக்குச் சோறு. கரும்பு முற்றுகிற காலத்தில் ஆற்றோரத்து நாணல் புதரிலிருந்து காட்டுப்பன்றிகள் வந்துவிடும். ஒரு கூட்டம் இறங்கினால் போதும், கல்யாணப் பந்தலைப் பிரித்துப் போட்ட மாதிரி கிடக்கும் வயல். அதற்காக அப்பா ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதற்குத் தோட்டா அடைத்துக் கொடுப்பது நான். சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டை எடுத்து, அடியில் பொறி கிளப்புகிற புதுக் கேப்பு பொருத்தி, வெடிமருந்தைக் கொட்டி, அட்டையை வைத்து அமுக்கி, கொக்கு மடையானுக்கு ரவை என்றால் ரவை, பன்றிக்குக் குண்டு என்றால் குண்டு போட்டு வாயை மூட வேண்டும். குண்டுக்கான ஈயத்தைக்கூட நானேதான் இரும்புக் கரண்டியில் உருக்கி வார்ப்பேன். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று அம்மா கத்துவாள். அப்பாவுக்கோ பெருமை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "துப்பாக்கியப் பத்தி எங்கிட்ட கேக்காத, எம் பொண்ணக் கேளு" என்பார்.

அப்பாவின் சாஸ்திரம் ரொம்பச் சின்னது. கிட்டப் போ, கனமான ஈயத்தைப் போடு, பன்றி அதே இடத்தில் விழும். குண்டு பட்ட இடத்தில் கை நுழைகிற மாதிரி ஓட்டை இருக்கும். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். உலகத்துத் துப்பாக்கிகள் எல்லாம் எங்கள் வீட்டுத் துப்பாக்கி மாதிரிதான் சுடும் என்று நினைத்துக்கொண்டே நான் கல்யாணம் ஆகி ஆற்றைத் தாண்டிப் போனேன்.

என் வீட்டுக்காரர் ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. பேசினால் அளந்து பேசுவார் என்பதைவிட, அளவைத்தான் பேசுவார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய ரைபிள் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வந்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தது, இவர் எங்கே படுத்திருந்தார், மான் எங்கே நின்றது, நடுவில் எத்தனை வயல் என்று சொல்லுவார். அவருக்கு அது கணக்கு. கேட்கிறவர்களுக்கு அது ஜம்பம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் இருக்கும். ஒருநாள் ஒரு வெளிமானைக் கொண்டுவந்து மாட்டுக் கொட்டாயில் தொங்கவிட்டார்கள். சேதி கேட்டு உறவுக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியின் இக்கரையில் படுத்து அக்கரையில் மேய்ந்த மானை அடித்ததாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையற்கட்டில் இருந்தேன். கூடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். வந்தவர்களில் ஒருவர், "ஏம்பா, ஓட்டையே கண்ணுக்குத் தெரியலியே?" என்று கேட்டார். "கூர்முனைத் தோட்டா. சின்னதாத்தான் வுழும்" என்றார் இவர்.

மாமியார் பெருமை பொங்க என் பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா, எவ்ளோ தூரத்திலேர்ந்து அடிச்சிருக்கான்னு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருந்தால்தானே!

"எங்கப்பா சுட்டா கை நொழையற மாதிரி ஓட்டை வுழும் அத்த. ஓட்டையே இல்லன்னா, அது நாய் தொரத்திச் செத்த மானா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

 தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் தொடையில் அறைந்துகொண்டு, "நாய் சுட்ட மானா!" என்றார். கூடமே அதிர்ந்தது. அன்றைக்கே அந்தப் பெயர் தெருவுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் தோளில் ரைபிளோடு போனால் எங்கேயாவது ஒரு வேலிக்குப் பின்னாலிருந்து எவனாவது நாய் மாதிரி குரைப்பான். அவர் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். நான் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருக்கும்.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே என்று மாமியார் புடவைகளை மூட்டை கட்டினார். தாமே என்னை வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஆடி முடிந்தது. அழைத்துப்போக யாரும் வரவில்லை.

ஆவணியில் கேட்டவர்களுக்கு, "அவருக்கு அறுப்பு வேலை" என்று அம்மா சொன்னாள். புரட்டாசியில், "மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல" என்றாள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்காக எடுத்த பட்டு வேட்டி பெட்டிக்குள்ளேயே மடிப்பு கலையாமல் கிடந்தது. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அதைவிட மோசம். நான் குளத்துக்குப் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள். வாழாவெட்டி என்கிற வார்த்தையை என் காதுபட யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை விழுங்கிவிட்டு அவர்கள் சிரிக்கிற சிரிப்பை எனக்கு அடையாளம் தெரியும். அம்மா மட்டும் வீட்டுக்குள் நேராகவே சொல்லுவாள்: "உன் நாக்க அறுத்து உப்புல போட்டா கூட எனக்கு ஆத்திரம் தீராதுடி."

மாசியில் கரும்பு முற்றி, பன்றிகள் இறங்கின. அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"மாப்பிள்ளைய வரச்சொல்லப் போறேன். அவரு கையால ஒரு பன்னி வுழணும். ஊரு மொத்தமும் பாக்கணும். அப்பறம் எவன் கொரைப்பான்னு நானும் பாக்கறேன்."

எங்கள் ஊரில் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. பன்றியை அறுக்கிறவர் அதன் உடம்புக்குள் இருந்து குண்டை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, யார் குண்டு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். யார் குண்டோ, பன்றித்தலை அவர்களுக்கு. மற்றக் கறியைக் கூறு போட்டு ஊர் பிரித்துக்கொள்ளும். தலை வாங்கிய வீட்டுக்கு அந்த வருஷம் முழுக்க ஒரு மரியாதை. அப்பா நினைத்தது அந்த மரியாதையைத்தான். பிரெஞ்சு சர்க்காரின் ஊர்த்தலைவரான மேரைப் பார்த்து, மாப்பிள்ளை அக்கரையிலிருந்து ரைபிள் கொண்டுவர ஒரு வார்த்தையும் வாங்கிவிட்டார்.

அவர் வந்தார். பட்டு வேட்டிக்காக வரவில்லை, எனக்காக வரவில்லை, பன்றிக்காக வந்தார். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் என் கை தானாகத் தலையைத் தடவிச் சரி செய்தது. அதை அம்மா பார்த்துவிட்டாள் என்பது இன்னொரு வெட்கம்.

கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்துத் துணிமேல் வைத்தார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். இரண்டு வகை இருந்தன. ஒன்றின் குண்டு முழுக்கச் செம்பு போர்த்தி, முனை ஊசி மாதிரி கூராக இருந்தது. மற்றதற்கு உடம்பெல்லாம் செம்பு, மூக்கு மட்டும் மொட்டையாக, சாம்பல் நிற ஈயம் வெளியே தெரிந்தது.

அப்பா ஈய மூக்கை எடுத்துக் கையில் உருட்டினார். அவருக்குப் பிடித்துப்போனது. "இதுதான் மாப்பிள்ளை. இது உள்ள போனா பூ மாதிரி விரிஞ்சிக்கும். பன்னி எழுந்திரிக்காது. குண்டும் உள்ளயே நிக்கும். அந்தக் கூரா இருக்கறது ஆளச் சுடற தோட்டா. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடும். பன்னி வால ஆட்டிக்கினு ஓடும்."

"கிட்டன்னா நீங்க சொல்றது சரி மாமா" என்றார் அவர். "நான் ஏரிக்கர மதகுல படுக்கலாம்னு இருக்கேன். அங்கேர்ந்து கரும்பு ஓரம் ரொம்ப தூரம். அவ்ளோ தூரத்துக்கு மொட்ட மூக்கு போவப்போவத் தொஞ்சி கீழ எறங்கிடும். காத்து வேற தள்ளும். கூருதான் நேராப் போவும்."

"எதுக்கு மதகுல படுக்கறீங்க? கரும்புக்குள்ள என் பக்கத்துல வந்து நில்லுங்களேன்."

"இல்ல மாமா. மதகுதான்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவர் ஏன் தூரத்துக்கு அடம் பிடிக்கிறார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அக்கரைப் பேச்சு இக்கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா அந்த இடத்தில் பேச்சை விட்டிருக்கலாம். என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவர் உற்சாகமாகக் கதவைப் பார்த்துத் திரும்பி, "எம் பொண்ணக் கேளுங்க மாப்பிள்ளை! அதுக்குத் தோட்டான்னா தண்ணி பட்ட பாடு. சொல்லும்மா, எது போடலாம்?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் கறுத்துவிட்டது. ஆனால் கேள்வி கூடத்தில் நின்றுவிட்டது. எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பின. வந்ததிலிருந்து என் பக்கமே பார்க்காதவரும் பார்த்தார்.

ஈயம் என்று சொன்னால் மறுபடியும் சபையில் அவர் மூக்கை அறுத்ததாகும். கூர் என்று சொன்னால் பொய். அப்பாவுக்கும் அது பொய் என்று தெரியும். 

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன்.

ஈயம் வார்த்து வார்த்துச் சூடு பட்ட தழும்பு இன்னும் என் விரலில் இருந்தது. அந்த விரலாலேயே கதவைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் தப்புப் பறைகளை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய்விட்டார்கள். நாணலுக்குள்ளிருந்து பன்றிகளைக் கலைத்துக் கரும்பு ஓரமாக விரட்டுவது அவர்கள் வேலை. அவர் கொல்லையில் கால் கழுவ வந்தார். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் யாரும் இல்லை. அத்தனை மாதம் கழித்து முதல் தடவையாக அவர் என்னிடம் பேசினார்.

"நேத்து தெரியாதுன்னு சொன்ன. இப்ப நெசமாச் சொல்லு. எது?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் நானும் நிஜத்தையே சொன்னேன்.

"ஈயந்தான் நல்லது. அப்பா பக்கத்துல போய் நில்லுங்க."

அவர் சொம்பை வாங்கிக் காலில் ஊற்றிக்கொண்டார். "அப்ப, நான் அங்கேர்ந்து அடிப்பேன்னு உனக்கு நம்பிக்கை இல்ல."

நான் தோட்டாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது தோட்டாவைப் பற்றி இல்லை. அது எனக்குப் புரிவதற்குள் சொம்பை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். சட்டைப் பையில் எதைப் போட்டுக்கொண்டு போனார் என்று நான் பார்க்கவில்லை.

நானும் அம்மாவும் வைக்கோல் போர் பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம். தப்புச் சத்தம் ஆற்றிலிருந்து மெல்ல மெல்ல மேடேறி வந்தது. மதகுப் பக்கம் ஒரு சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி ஒல்லியாக. ரைபிள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கரும்புக்குள்ளிருந்து எங்கள் வீட்டுத் துப்பாக்கி தொம்மென்று பேசியது. அந்தச் சத்தத்தை எந்தத் தூக்கத்திலும் எனக்குத் தெரியும். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எது பட்டுச்சுடி?" என்றாள். "அப்பாவுது" என்றேன். அவள் அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பன்றியைக் கம்பில் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் சேராத தனியன். கடாக் குட்டி உயரம் இருந்தது. ஊரே திரண்டுவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷத்தை மறைக்கவும் தெரியவில்லை, காட்டவும் தெரியவில்லை. மாப்பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைதான் மொதல்ல போட்டாரு! அந்தச் சத்தத்துக்கு மெரண்டுதான் இது நேரா என் வாயில வந்து வுழுந்துச்சு. அவரு இல்லன்னா கெடச்சிருக்குமா?" என்றார்.

நல்லெண்ணத்தில் சொன்னது. ஆனால் பின்னாலிருந்து ஒருவன், "சத்தத்துக்குச் செத்த பன்னி" என்று முனகினான். இன்னொருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக விட்டான். அவர் களத்து ஓரத்தில் வேப்ப மரத்தடியில் ரைபிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. தெருவில் குரைக்கும்போது நடந்துபோன அதே முகம்.

வைக்கோலைப் போட்டுப் பன்றியைப் பொசுக்கினார்கள். நான் வெந்நீர் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தேன். அறுக்கிறவர் தொடைப் பக்கம் தடவிப் பார்த்து, தோலுக்கடியில் புடைத்திருந்த இடத்தில் கத்தியை வைத்து, உருண்டையாக ஒன்றைப் பிதுக்கி எடுத்தார். தூக்கிப் பிடித்தார். நான் வார்த்த குண்டு. கரண்டியிலிருந்து ஈயம் ஊற்றிய இடத்தில் விடுகிற சின்ன வால்கூட அதில் தெரிந்தது.

"பெரிய வூட்டுக் குண்டு! தலை பெரிய வூட்டுக்கு!" ஊரில் எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர்.

அப்பா கையை உயர்த்தினார். "தலைய மாப்பிள்ளைக்குக் குடுங்கப்பா. நான் குடுக்கறேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கூசிப்போயிருக்கிறேன். அந்த நிமிஷம் போல இல்லை. சீர் வரிசையில் ஒரு தட்டு குறைந்தால் சேர்த்து வைக்கிற மாதிரி, ஊர் பார்க்க அவருக்குத் தானமாக ஒரு தலை. அதற்கு விலையாக நான் வண்டியேற வேண்டும்.

"வேணாம் மாமா" என்றார் அவர். "வழக்கத்த மாத்தாதீங்க. நான் கெளம்பறேன்." வண்டியைக் கட்டச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள்? ஓடிப்போய்க் காலில் விழச் சொன்னாளா, அழச் சொன்னாளா, தெரியாது. எனக்கு எதுவும் வரவில்லை. குடத்தில் மிச்சம் இருந்த வெந்நீரைப் பன்றிமேல் ஊற்றினேன், கை சும்மா இருக்கக் கூடாதே என்று.

மேல் பக்கமாக இருந்த முன்னங்காலுக்குப் பின்னால், பொசுங்கிய தோலில் ஓரிடத்தில் தண்ணீர் சிவப்பாகக் குமிழ் விட்டது. துடைத்தேன். மறுபடியும் குமிழ். மிளகு கூட நுழையுமா என்கிற மாதிரி ஒரு துளை. சேற்றிலும் மயிரிலும் மூடிக் கிடந்திருக்கிறது. களத்தில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் துளையில் வைத்தேன். அது போனது. போய்க்கொண்டே இருந்தது. விரல் தோலில் முட்டுகிற வரைக்கும் போனது.

அறுக்கிறவரைப் பிடித்து இழுத்தேன். ஆண்பிள்ளைகள் நிற்கிற களம், நான் கத்துகிறேன் என்பதெல்லாம் தோன்றவில்லை. "இதப் பொரட்டுங்க! அந்தப் பக்கம் பாருங்க!" புரட்டினார்கள். அந்தப் பக்கத்திலும் அதே உயரத்தில் ஒன்று, கொஞ்சம் பெரியதாக. அறுக்கிறவர் கத்தியால் நெஞ்சைப் பிளந்தார். உள்ளே ரத்தம் கட்டி நிறைந்திருந்தது. நுரையீரல் இரண்டு பக்கமும் துளைத்துப் போயிருந்தது. அவர் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஐயா, உங்களுது தொடையிலதான் பட்டுது. இது மதகுலேர்ந்து வந்த அடியிலியே செத்த பன்னி. செத்துக்கினேதான் உங்ககிட்ட ஓடியாந்திருக்குது."

களத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான் ஓடினேன். தெருவில் பெண் ஓடினால் வீட்டில் சாவு என்று நினைப்பார்கள். வாசலுக்கு வாசல் தலை நீட்டினார்கள். வண்டி கிளம்பி நாலு வீடு தாண்டியிருந்தது. மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது.

"நீங்க சுட்டதுதான்! நெஞ்சுல. உள்ள பூந்து வெளிய போயிருக்குது. கூரு."

அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "யாரு பாத்தது?"

"நான்தான் பாத்தேன். ஈர்க்குச்சி வுட்டுப் பாத்தேன்."

என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் ரத்தமும் கரியும்.  அப்புறம் சொன்னார், அதட்டாமல், யாரோ மூன்றாவது மனிதரைப் பற்றிச் சொல்கிற மாதிரி:

"அந்த மானு ராத்திரி முச்சூடும் மாட்டுக் கொட்டாயிலதான் தொங்கிக்கினு இருந்துச்சு. சமையக்கட்டுலேர்ந்து பத்தடி. நீ எழுந்து வந்து பாக்கவே இல்ல."

நான் கயிற்றை விடவில்லை.  பார்த்துவிட்டுச் சிரித்திருந்தால்கூட அது தெரியாத்தனம். நான் பார்க்காமலே சிரித்தேன். அந்த அப்பாவின் பெண் என்கிற தைரியத்தில் சிரித்தேன்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். பன்றித்தலையைச் சாக்கில் சுற்றித் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். ஆள் கையில் கொடுக்கவில்லை. வண்டிக்குள் வைத்துவிட்டு, "வழக்கப்படி உங்களுதுதான் மாப்பிள்ளை" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அப்படி ஒரு குரல் அவருக்கு இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் நகர்ந்து, வண்டியில் பக்கத்தில் இடம் விட்டார். நான் கைகூடக் கழுவாமல் ஏறி உட்கார்ந்தேன். அம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். ஆக, அன்றைக்கு நான் புகுந்த வீடு போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் கேட்டது அதுதானே.

ஆற்றைத் தாண்டியதும் இங்கிலீஷ்காரன் சாவடி. பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து சாராயம் வருகிறதா, சீட்டித்துணி வருகிறதா என்று வண்டிகளைக் குடைகிற இடம். காவலாளுக்கு அவரைத் தெரியும். சாக்கைப் பிரித்துப் பார்த்துக் கண்ணை அகல விரித்தான்.

"ஐயையோ, எம்மாந் தலை! ஆரு சுட்டதுங்க?"

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் முக்காட்டுக்குள்ளிருந்து சொன்னேன்: "அவருதான்."

"எவ்ளோ தூரத்திலேர்ந்துங்க?"

நான் காத்திருந்தேன். சொல்லட்டும் என்று எனக்குள் துடித்தது. மதகு, கரும்பு ஓரம், நடுவில் எத்தனை வயல், காற்று எந்தப் பக்கம், எல்லாவற்றையும் சொல்லட்டும். அவன் நம்பாவிட்டால் ஆமாம் என்று சாட்சி சொல்ல நான் பக்கத்திலேயே இருக்கிறேன். கணக்கு சொல்வதுதானே அவருக்கு எப்போதும் சந்தோஷம்.

அவர் கயிற்றைச் சுண்டினார்.

"கிட்டக்கத்தான்பா" என்றார்.

காவலாள் தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டான். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், மடியில் கிடந்த என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். குறை ஒன்றும் இல்லை. அவர் அப்புறமும் வேட்டைக்குப் போனார், மான் வந்தது, பன்றி வந்தது. கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். கிட்டக்கத்தான் என்பார். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து கொட்டாய்க்குப் போய்ப் பார்ப்பேன், மிளகளவுத் துளை இருக்கும். திரும்பி வந்து தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காருவேன்.

அங்கே வேறு பேச்சு நடந்துகொண்டிருக்கும்.